சோலாருக்கு வரிக் கழிவு எடுத்த எங்கட அனுபவங்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலயிருந்து:

2022 ஓகஸ்டில கரண்ட் கட்டணம் கூடினது, 2023 பெப்ரவரியில திரும்பவும் கூடினது. அம்மாவுக்கு ஆஸ்துமா. பில்லைக் கண்டதும் ஏசியை நிப்பாட்டிப்போட்டு, கதவைத் திறந்து வச்சுப் படுக்கத் தொடங்கினா. அதைப் பார்க்க ஏலாமல்தான் அந்த யூலையில மொட்டைமாடியில 5 கிலோவாட் போட்டன். சேமிப்புக் காசு, 6 இலட்சத்தைத் தாண்டிப் போச்சு.

வித்த பெடியன் "6 இலட்சமும் வரியில திரும்பி வரும் அக்கா" எண்டவர். அது பிழை. தேசிய மின் கட்டமைப்போட இணைச்ச சோலாருக்குச் செலவழிச்ச காசில, ஒரு மதிப்பாண்டுக்கு (வரிக் கணக்கு வருசம், ஏப்ரல் தொடக்கம் அடுத்த மார்ச் வரை) 6 இலட்சம் ரூபா வரைக்கும் எங்கட வருமானத்தில கழிக்கலாம். வருமானத்திலதான், வரியில இல்லை. என்ர கணக்கையே சொல்லுறன். வருசத்துக்கு 30 இலட்சம் சம்பளம். 2023/24இல தனியாள் நிவாரணம், அதாவது ஆளுக்கு வரியில்லாமல் விடுற தொகை, 12 இலட்சம் போக மிச்சம் 18 இலட்சம், அதுக்கு வரி 252,000 ரூபா. சோலாருக்கு 6 இலட்சம் கழிச்சால் 12 இலட்சத்துக்குத்தான் வரி, 126,000. ஆக எனக்கு மிஞ்சினது 126,000. சம்பளம் குறைஞ்ச ஆக்களுக்கு இதைவிடக் குறையும், கூடின ஆக்களுக்குக் கூடும்.

நான் இழுபட்டது பற்றுச்சீட்டில. எங்கட மீட்டர் இன்னும் அப்பாட பெயரில. அவர் காலமாகி ஒன்பது வருசம். கம்பனிக்காரர் கரண்ட் பில்லைப் பார்த்து அப்பாட பெயரையே பற்றுச்சீட்டில அடிச்சுத் தந்திட்டினம், நானும் வாசிக்காமல் பைலில வச்சிட்டன். கணக்காளர் அக்கா கண்ணாடியைப் போட்டு முதல் வரியைப் பார்த்தவுடனேயே, "காசு கட்டினது நீங்கள், கழிவு கேக்கிறது நீங்கள், இது ஆற்ற பெயர்?" எண்டா. திருத்தின பற்றுச்சீட்டு எடுக்க நாலு மாதம் அலைஞ்சன். கையெழுத்துப் போடுற அண்டைக்கே உங்கட பெயர், வீட்டு விலாசம், திகதி மூண்டையும் ஒருக்கா விரல் வச்சு வாசியுங்கோ.

இன்னொண்டு. சம்பளத்தில கம்பனி மாதாமாதம் வெட்டுற வரியில இந்தக் கழிவு சேராது. நவம்பர் 30க்கு முதல் நாங்களே வருமான விவரத்திரட்டை (வருசத்து வருமானம், வரிக் கணக்குக் காட்டுற படிவம்) இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பி, கூடக் கட்டினதைத் திருப்பிக் கேக்கவேணும்.

கொட்டாஞ்சேனையிலயிருந்து:

நான் வங்கிக் கடனில போட்டனான். அப்பிடியெண்டால் அந்த வருசம் வங்கிக்குத் திருப்பிக் கட்டின காசைத்தான் காட்டவேணும், சாமான்ர முழு விலையை இல்லை. வங்கியில கடன் கூற்று கேட்டு வாங்கி வச்சிருங்கோ.

வரியைவிட எனக்கு மனசு நொந்தது வேற. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தீவு முழுக்கக் கரண்ட் போச்சு. மேல நல்ல வெயில், கீழ மின்விசிறிகூட ஓடேல்லை. மெயின் லைனில கரண்ட் இல்லையெண்டால் சோலார் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வேர்ட்டர் தானா நிண்டிடும். லைனில வேலை செய்யிற ஆக்களுக்குக் கரண்ட் அடிக்கக்கூடாது எண்டதுக்காக அப்பிடிச் செஞ்சிருக்கு. நியாயம்தான், ஆனால் விக்க வந்தவை ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை. பற்றரி இல்லாமல் போடுறவை தெரிஞ்சுகொண்டு போடுங்கோ.

தெஹிவளையிலயிருந்து:

நாங்கள் சோலார் போடேல்லை. மேல்மாடி அஸ்பெஸ்டஸ் கூரை, மத்தியானம் மூண்டு மணிக்கு அறைக்குள்ள நிக்க ஏலாது. சீற்றுக்குக் கீழ வெப்பத் தடுப்புத் தாள் அடிச்சு, மேற்குப் பக்கத்து யன்னலுக்கு வெளியில நிழல் தட்டி போட்டம். பிள்ளையள் இப்ப ஏசி இல்லாமல் அங்கயிருந்து படிக்கினம். ஆனால் இந்தச் செலவுக்கு இங்க ஒரு சதமும் கழிக்க ஏலாது.

நியூ ஜேர்சியில இருக்கிற தங்கச்சி சொல்லித்தான் அங்கத்தைக் கதை தெரியும். அங்க யன்னல், கதவு, சுவருக்குள்ள போடுற வெப்பத் தடுப்பு எல்லாத்துக்கும் செலவில 30 வீதம் நேரே வரியில குறைச்சவை. யன்னலுக்கு 600 டொலர், ஒரு கதவுக்கு 250 டொலர் எண்டு உச்சவரம்பு இருந்தது. சோலாருக்கும் 30 வீதம், அதுக்கு உச்சவரம்பு இல்லை. 2025 டிசம்பர் 31ஓட அது எல்லாம் முடிஞ்சுது. அங்க முடிஞ்சாலும் பரவாயில்லை, வெயில் கொளுத்துற எங்கட ஊரில கூரை வேலைக்கும் கழிவு தரவேணும். சோலார் போடக் காசில்லாத வீடுகள்தான் இங்க கூட.

திரும்பவும் வெள்ளவத்தை:

கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்கு: பிரேம் அலுமினியம் எண்டு பாத்திட்டு விட்டிராதேங்கோ, ஆணியையும் பாருங்கோ. எங்கட ஆணியில ஆறு மாதத்தில செம்மண் நிறத்தில துரு வடிஞ்சு பிரேமில கோடு விழுந்திட்டுது. எல்லாத்தையும் துருப்பிடிக்காத உருக்கில மாத்தினம்.

மீட்டரின்ர பெயரை மாத்தினீங்களோ எண்டு உள்பெட்டியில ரெண்டு பேர் கேட்டவை. வீட்டு உறுதி என்ர பெயரில, மரணச் சான்றிதழும் கையில இருக்கு. அம்மாட்டக் கேட்டன். மாதம் ஒருக்காவாவது அவற்ற பெயருக்கு ஒரு கடிதம் வரட்டும் எண்டிட்டா. விட்டிட்டன்.