கலைச்சொல் வேண்டும்: ‘எம்பாரஸ்மென்ட்’. சங்கடமா, இடறலா, நெருடலா?

குழுவினருக்கு வணக்கம்.

இயேசுவின் வாழ்க்கையை வரலாற்றாசிரியர்கள் எந்த முறையில் ஆராய்கிறார்கள் என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மன் அறிஞர் ரைமாருஸ் எழுதி வைத்துவிட்டுப் போனதை அவர் இறந்த பிறகு எழுத்தாளர் லெஸ்ஸிங் 1774 முதல் துண்டு துண்டாக வெளியிட்டது, 1835இல் ஷ்ட்ராவுஸ் தன் ‘இயேசுவின் வாழ்க்கை’ நூலால் கிளப்பிய புயல், 1906இல் ஷ்வைட்சர் அதுவரை வந்த முயற்சிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி வைத்து விசாரித்தது வரை தடங்கலில்லாமல் வந்துவிட்டேன். 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வண்டி நின்றுவிட்டது. காரணம் ஒரே ஒரு சொல்: ‘கிரைட்டீரியன் ஆஃப் எம்பாரஸ்மென்ட்’.

மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நற்செய்தி நூல்களில் உள்ள ஒரு செய்தி நடந்ததா, பிற்காலத்தார் சேர்த்ததா என்று பார்க்க ஆய்வாளர்கள் சில சோதனைகள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கத்தோலிக்க அறிஞர் ஜான் மையர் 1991இல் வந்த தன் முதல் தொகுதியில் ஐந்தை முதன்மையாக வைத்தார். மற்றவற்றுக்கு ஓரளவு சொல் கிடைத்துவிட்டது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத பல மூலங்களில் ஒரே செய்தி வந்தால் ‘பன்மூலச் சான்று’. ஏற்கெனவே தேறிய செய்திகளோடு ஒத்துப்போனால் ‘இயைபு’. அக்கால யூத வழக்கோடும் ஒட்டாமல், பிற்காலத் திருச்சபையோடும் ஒட்டாமல் நின்றால் ‘தொடர்பின்மை’. சிலுவையில் போய் முடியும் அளவுக்கு அவர் என்ன செய்தார், எது அதற்கு விளக்கம் தருகிறது என்று பார்ப்பது இன்னொன்று. அதை விளக்கியே எழுதிவிடலாம்.

மிச்சம் இதுதான். சபைக்கே சங்கடம் தரும் செய்தியைச் சபையே இட்டுக்கட்டியிருக்காது, ஆகவே அது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது இதன் கருத்து. யோர்தான் ஆற்றில் யோவான் ஸ்நானகனிடம் இயேசு ஞானஸ்நானம் பெற்றதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள்.

‘சங்கட அளவுகோல்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் மகள், ‘சங்கடம் எத்தனை அடி என்று அளக்கணுமா அப்பா?’ என்றாள். அதோடு அழித்துவிட்டேன். உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
க.

—

> சபைக்கே சங்கடம் தரும் செய்தியைச் சபையே இட்டுக்கட்டியிருக்காது

தம்பி க.வுக்கு,

சொல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம், நம் வேதாகமத்திலேயே இருக்கிறது: இடறல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்கிறார். அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் ரோமர் வைத்திருந்த தண்டனை அது. அப்படிச் செத்தவரை மேசியா என்று எந்த யூதன் கற்பனை பண்ணுவான்? கிறிஸ்தவர்கள் மீது துளியும் பிரியமில்லாத ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்து, கி.பி. 116 வாக்கில், பேரரசர் திபேரியு காலத்தில் பிலாத்துவின் கையால் இந்தத் தண்டனை நடந்தது என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார். ஆக, இடறலான செய்தி, இடறினாலும் மறைக்க முடியாத செய்தி. நான் இறையியல் படித்த நாளில் ஆசிரியர்கள் வாய்மொழியாக இப்படித்தான் விளக்குவார்கள்.

அளவுகோலை விட்டுவிட்டு உரைகல் என்று வையுங்கள். சிறு வயதில் எங்கள் தெரு ஆசாரியின் பட்டறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நகையைக் கறுப்புக் கல்லில் ஒரு இழுப்பு இழுப்பார், பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு போடுவார், இரண்டு கோட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கல் எதையும் அளக்காது. கோட்டைப் பார்த்துச் சொல்வது ஆசாரியின் கண்.

ஆசீர்வாதங்களுடன்,
ஞா.

—

ஐயாவுக்கு வணக்கம்.

உரைகல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். அமெரிக்காவில் ராபர்ட் ஃபங்க் 1985இல் தொடங்கிய ‘ஜீஸஸ் செமினார்’ உறுப்பினர்கள் இயேசுவின் ஒவ்வொரு கூற்றுக்கும் வண்ண மணி போட்டு வாக்களித்தார்கள்: சிவப்பு என்றால் அவர் சொன்னதே, இளஞ்சிவப்பு என்றால் ஏறக்குறைய, சாம்பல் என்றால் கருத்து மட்டும், கறுப்பு என்றால் இல்லவே இல்லை. 1993இல் முடிவை அச்சிட்டபோது கூற்றுகளில் 82 விழுக்காட்டை அவர் சொன்னதில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். அதே கூற்றுகளை அதே சோதனைகளால் உரசிப் பார்த்த மற்றவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். அளவுகோலாக இருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அந்தக் கோட்டை ஆளுக்கொரு கண்ணால் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

‘இடறல்’ விஷயத்தில் மட்டும் எனக்கு ஒப்பவில்லை, ஐயா மன்னிக்க வேண்டும். அழகான சொல், பழகிய சொல். ஆனால் பவுல் சொல்லும் இடறல் கேட்பவனுடையது. யூதன் கேட்கிறான், இடறி விழுகிறான். நமக்கு வேண்டியது சொல்பவன் படும் பாடு. சொல்லாமலும் இருக்க முடியாது, சொன்னால் தன் கட்சிக்கே இடிக்கும். நான்கு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் அந்தப் பாடு கண்ணுக்கே தெரிகிறது.

மாற்கு, கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது. யோவான் பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானம் கொடுத்தார், நாசரேத்திலிருந்து இயேசு வந்து பெற்றுக்கொண்டார். தயக்கமே இல்லாத ஒரு வாக்கியம். மத்தேயு பத்து இருபது ஆண்டு பிந்தியவர். மாற்கை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார் என்பது பெரும்பாலோர் கருத்து. அவர் நூலில் யோவான் தடுக்கிறார்: நானல்லவா உம்மிடம் பெற வேண்டும், நீர் என்னிடம் வரலாமா என்கிறார். மாற்கில் இல்லாத பேச்சு இது. அதோடு ‘பாவமன்னிப்புக்கு’ என்ற தொடர் யோவானின் ஞானஸ்நானத்தை விட்டுக் காணாமல் போகிறது. எங்கே போயிற்று என்று தேடினால், கடைசி இராப்போஜனத்தில் கிண்ணத்தைக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது! லூக்கா இன்னும் கெட்டிக்காரர். ஏரோது யோவானைச் சிறையில் அடைத்ததை முதலில் சொல்லி முடிக்கிறார். அடுத்த வசனத்தில், ஜனங்களெல்லாரும் பெற்றபோது இயேசுவும் பெற்றார் என்கிறார். கொடுத்தது யார்? மூச்சில்லை. நான்காவது நற்செய்தியில் ஆவி இறங்கியதை யோவான் சாட்சி சொல்கிறார், ஞானஸ்நானம் என்ற நிகழ்ச்சியே கதையில் இல்லை.

ஏன் இவ்வளவு சிரமம்? கொடுத்தவர் பெரியவரா, பெற்றவர் பெரியவரா என்ற கேள்வி வரும். பாவமில்லாதவருக்குப் பாவமன்னிப்பு முழுக்கு எதற்கு என்ற கேள்வியும் வரும். யோவானைக் குருவாகக் கொண்டவர்கள் வேறு இருந்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் எபேசு நகரத்தில் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டும் அறிந்த சீடர்களைப் பவுல் சந்திக்கிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேபு, கி.பி. 93 வாக்கில், யோவானைத் தனியாகவே ஒரு பெரிய மனிதராக எழுதியிருக்கிறார். இவ்வளவும் இருக்கும்போது ‘எங்கள் தலைவர் அவரிடம் போய் முழுக்குப் பெற்றார்’ என்று எவனும் இட்டுக்கட்ட மாட்டான். இட்டுக்கட்டியது மத்தேயுவில் வரும் அந்தத் தடையைத்தான் என்பது வாதம்.

இதற்குத் தமிழில் ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. லூக்கா மென்று விழுங்குகிறார். ‘மென்றுவிழுங்கல்’ என்றே வைத்துவிடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க ஆசைப்பட்டேன். காலையில் பார்த்தால், அது பிந்தியவர் செய்யும் காரியத்துக்குப் பெயர், செய்திக்குப் பெயர் ஆகாது.

என் கடைசி யோசனை ‘நெருடல்’. நெருடல் உரைகல், நெருடலான செய்தி, செய்தி நெருடுகிறது. தர்மசங்கடம் என்று தனி மடலில் ஒருவர் எழுதியிருந்தார். அது இரண்டு கடமைக்கு நடுவில் மாட்டிக்கொள்வது, இங்கே பொருந்தாது. நாணம், கூச்சம் இரண்டும் கல்யாண வீட்டுக்குப் போகட்டும்.

க.

—

க., ஞா. ஐயா இருவருக்கும்,

நெருடலுக்கு என் ஓட்டு. ஆனால் க. சொன்ன காரணத்துக்காக இல்லை.

தம்பி, உன் விளக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘சொல்பவன் படும் பாடு’ என்கிறாய். மாற்கு என்ன பாடு பட்டார்? தயக்கமில்லாத வாக்கியம் என்று நீயே எழுதியிருக்கிறாய். வானத்திலிருந்து ‘நீர் என் நேசகுமாரன்’ என்று குரல் வருவதற்கு அந்த முழுக்கே அவருக்கு மேடை. அவருக்கு அது பெருமையாகக்கூட இருந்திருக்கலாம். சங்கடம் மத்தேயுவுக்கு வந்தது. மத்தேயுவின் சங்கடத்தை வைத்து மாற்குக்கு முந்திய நிகழ்ச்சியை எப்படி நிரூபிப்பது? இந்தச் சோதனை மீது பல ஆண்டுகளாகத் தொடரும் பெரிய குறை இதுதான். இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு முதல் நூற்றாண்டு ஆளுக்கு எது சங்கடம் என்று நாம் முடிவு கட்டுகிறோம். சிலுவையில் ‘என்னை ஏன் கைவிட்டீர்’ என்ற கதறலை எடுத்துக்கொள். நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆனால் அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. நீதிமான் துன்பப்படுவதை வேதத்தின் சொல்லாலேயே சொல்வது அவர்களுக்கு மரபு. சங்கடமே இல்லாமல், பக்தியோடு எழுதிய வரியாகவும் இருக்கலாம்.

அதனால்தான் நெருடல் நல்ல சொல் என்கிறேன். நெருடுவது என்றால் விரலால் தடவிப் பார்ப்பதும்தானே. சங்கடம் மாற்கின் மனசுக்குள் இருக்கிறது, அதற்குள் நாம் போக முடியாது. நெருடல் ஏட்டில் இருக்கிறது. அடுத்தடுத்து எழுதியவர்கள் எந்த இடத்தில் செப்பனிட்டிருக்கிறார்கள் என்று விரலுக்குத் தட்டுப்படும். சின்ன உதாரணம் ஒன்று. சொந்த ஊரில் இயேசு சில நோயாளிகளைக் குணமாக்கியது தவிர வேறு அற்புதம் எதுவும் செய்ய ‘முடியவில்லை’ என்கிறது மாற்கு. மத்தேயு அங்கே அதிகமான அற்புதங்களைச் ‘செய்யவில்லை’ என்கிறார். ‘முடிய’ என்பது மட்டும் உதிர்ந்துவிட்டது. அவருடைய வீட்டார் அவருக்கு மதிமயக்கம் என்று பிடித்துப்போக வந்ததும் மாற்கில் மட்டும்தான், மத்தேயுவும் லூக்காவும் அந்த வசனத்தையே விட்டுவிட்டார்கள். யார் வெட்கப்பட்டார், எவ்வளவு பட்டார் என்று தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஆகவே விளக்கத்தில் ‘சொல்பவருக்குச் சங்கடம் தரும்’ என்று எழுதாதே. ‘பின்வந்த எழுத்தாளர்கள் திருத்தியோ தவிர்த்தோ நெருடலைக் காட்டிக்கொடுக்கும் செய்தி’ என்று எழுது. ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு நிதானம் தமிழுக்குக் கிடைக்கும்.

மெய்க்கீர்த்தி படிப்பவர்களுக்கும் இது உதவும். தன் தோல்வியை எந்த அரசனும் கல்லில் வெட்ட மாட்டான். வெட்டியிருந்தால் நின்று தடவிப் பார்க்க வேண்டும்.

ம.

—

அக்கா, ஒப்புக்கொள்கிறேன். மாற்கின் மனசுக்குள் போனது என் தவறுதான். விளக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

‘நெருடல் உரைகல்: ஒரு மரபுக்குள்ளேயே பின்வந்தவர்கள் திருத்தவோ, விளக்கம் சேர்க்கவோ, தவிர்க்கவோ நேர்ந்த செய்தி, அந்த மரபு தானே புனைந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று கொள்ளும் சோதனை. தனியாக நின்று எதையும் நிறுவாது. பன்மூலச் சான்று, இயைபு முதலியவற்றோடு சேர்த்தே பயன்படும்.’

கட்டுரையில் பயன்படுத்தியும் பார்த்துவிட்டேன்: ‘நெருடல் உரைகல்லில் தேறும் செய்திகளில் யோர்தான் முழுக்கு முதலிடத்தில் இருக்கிறது.’ வாய்க்குத் தடங்கலில்லாமல் வருகிறது. சேர்த்து எழுதினால் ‘நெருடலுரைகல்’ ஆகிவிடும், அதனால் பிரித்தே விடுகிறேன்.

இன்னொன்று. ஞானஸ்நானம் என்று எழுதினால் கத்தோலிக்க வாசகர்கள் திருமுழுக்கு எங்கே என்பார்கள். திருமுழுக்கு என்று எழுதினால் சீர்திருத்தச் சபை வாசகர்களுக்கு அன்னியமாகப் படும். வரலாற்றுக் கட்டுரை என்பதால் ‘முழுக்கு’ என்று மட்டும் போட நினைக்கிறேன். தீபாவளி கங்கா ஸ்நானம் மாதிரி ஒலிக்குமோ?

க.

—

தம்பி, ஒலிக்காது. யோவான் கொடுத்தது சாக்கிரமெந்து என்கிற கிறிஸ்தவத் திருச்சடங்கே அல்லவே, அவர் யூதர். அவருடையதற்கு ‘முழுக்கு’ என்றும், பிற்காலச் சபையினுடையதற்கு அந்தந்தச் சபை வழங்கும் சொல் என்றும் பிரித்து எழுதுங்கள். இடறலை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பவுலின் வசனம் வரும் பத்தியில் மட்டும் அது இருக்கட்டும்.

ஞா.