மறு: ரெக்கவரி கீ: மீட்பு விசையா, மாற்றுச் சாவியா?

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸில் வட்டு முழுவதையும் மறையாக்கும் (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும்) வசதி பிட்லாக்கர். கணினி வழக்கம்போல் திறக்காதபோது அது கேட்கும் 48 இலக்கம்தான் ரெக்கவரி கீ. அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "மீட்பு விசை" என்றே வைத்துவிடலாம். விசை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் விசைப்பலகையில். பிட்லாக்கரின் நீலத்திரையை ஒருமுறை தமிழாக்கிப் பாருங்கள். எண் விசைகளையோ, எஃப்1 முதல் எஃப்10 வரையிலான விசைகளையோ அழுத்தி ரெக்கவரி கீயை உள்ளிடச் சொல்கிறது அது (சுழியத்துக்கு எஃப்10). "விசைகளை அழுத்தி விசையை உள்ளிடவும்" என்றா எழுதுவது? பள்ளிக்கூட இயற்பியலில் விசை நியூட்டனுடைய சொத்து என்பது வேறு.

"மீட்பு" மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இந்த இடத்தில் மீட்பு என்றதும் தரவு மீட்புதான் நினைவுக்கு வரும்: அழித்த படத்தைத் திரும்ப எடுப்பது, பழுதான வட்டிலிருந்து கோப்புகளைக் காப்பாற்றுவது. மறையாக்கிய கணினி திறக்காமல் நிற்கும்போது எதுவும் அழியவில்லை, கெடவுமில்லை. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்திருப்பார்கள், அல்லது மதர்போர்டை மாற்றியிருப்பார்கள், திறவுகோலைக் காவல் காக்கும் டி.பி.எம். சில்லு சந்தேகப்பட்டுக் கைவிரித்துவிட்டது, அவ்வளவுதான். "மீட்பு" என்று படிப்பவர் வட்டைக் கழற்றிக்கொண்டு தரவு மீட்புக் கடைக்கு ஓடுவார். வேறு கணினியில் செருகினாலும் அது அதே 48 இலக்கத்தைத்தான் கேட்கும்.

நான் முன்மொழிவது "மாற்றுச் சாவி". எளிமைக்காக மட்டும் சொல்லவில்லை. உள்ளே நடப்பதும் அதுதான். வட்டைத் திறக்கும் முதன்மைத் திறவுகோல் ஒன்றே. அதை டி.பி.எம். வழியாக மறையாக்கி ஒரு படியும், 48 இலக்கத்தால் மறையாக்கி இன்னொரு படியும் வட்டிலேயே வைத்திருக்கிறார்கள். எந்தப் படி திறந்தாலும் போதும், கணினி திறந்துவிடும். லினக்ஸின் வட்டு மறையாக்கமான லக்ஸிலும் இதே ஏற்பாடுதான். முதல் பதிப்பில் இப்படிப் படிகள் வைக்க 8 இடங்கள் உண்டு, இரண்டாம் பதிப்பில் 32. அன்றாடம் புழங்கும் சாவி ஒன்று, எடுத்து வைத்த சாவி ஒன்று. இதில் மீட்பதற்கு என்ன இருக்கிறது?

> சாவி போர்த்துக்கீசியச் சொல். கலைச்சொல்லில் வேண்டாமே.

ஜன்னலும் அலமாரியும் அதே கப்பலில்தான் வந்தன. நிரலாளருக்கான பொதுத் திறவுகோல், தனித் திறவுகோல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வீட்டில் இருப்பவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்றை மட்டும் சாவி என்போம். இலங்கை நண்பர் எழுதியபடி, அங்கே சாவிக்குத் திறப்பு என்பதே வீட்டுப் பேச்சு. தமிழ்நாட்டுக் காதில் திறப்பு என்றால் திறப்பு விழாதான் கேட்கும். ஆகவே நம் கலைச்சொல் பட்டியலில் "மாற்றுத் திறப்பு" என்பதையும் இலங்கை வழக்காகச் சேர்க்க வேண்டும். அடிக்குறிப்பாக அல்ல, இணையாக.

> எண்தானே அது? "மீட்பு எண்" போதாதா?

புணர்த்திப் படித்தால் "மீட்பெண்" ஆகிவிடும், அதை விடுங்கள். ஆப்பிளின் வட்டு மறையாக்கமான ஃபைல்வால்ட் தருவது எழுத்தும் எண்ணும் கலந்த 24 குறிகள், ஆகவே எண் என்ற சொல் அங்கே பொருந்தாது. அதைவிடப் பெரிய சிக்கல் நீலத்திரையிலேயே இருக்கிறது. அங்கே "கீ ஐடி" என்று ஒன்று தெரியும். எந்தச் சாவியைத் தேட வேண்டும் என்று காட்டும் அடையாளம் மட்டுமே அது. சேமித்து வைத்த உரைக்கோப்பிலும் முதலில் வருவது அந்த அடையாளம்தான், சாவி அதற்குக் கீழே. திரையில் தெரிவதையே திரும்பத் தட்டிவிட்டு "ஏற்க மாட்டேன் என்கிறது" என்பவர்கள் ஏராளம். இரண்டுக்கும் "எண்" என்றே பெயர் வைத்தால் நாமே குழியில் தள்ளியதாகும். அடையாளத்துக்குச் "சாவிக்குறி" என்கிறேன். இன்னும் சிலர் விண்டோஸோடு வந்த 25 எழுத்து உரிம எண்ணைத் தட்டிப் பார்க்கிறார்கள். அது வேறு ஊர்.

ஆங்கிலத்திலும் பெயர் ஒழுங்காக இல்லை என்பதைக் கவனியுங்கள். திரையில் "ரெக்கவரி கீ". மைக்ரோசாஃப்டின் ஆவணங்களில் அதே 48 இலக்கம் "ரெக்கவரி பாஸ்வேர்டு". அங்கே "கீ" என்பது யு.எஸ்.பி.யில் வைக்கும் கோப்பு. கணினி திறந்திருக்கும்போதே நிர்வாகி உரிமையோடு "மேனேஜ்-பிடிஇ" கட்டளை தந்தால் "நியூமரிக்கல் பாஸ்வேர்டு" என்ற தலைப்பில் வரும். திரை, ஆவணம், கட்டளை ஆகியவை அந்த 48 இலக்கத்துக்குத் தரும் மூன்று பெயரும் ஒன்றுதான் என்று தெரியாமல், கண்முன்னே இருப்பதையே தாண்டிப் போய்த் தேடுவார்கள். மூன்றையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்வோம். மூன்றுக்கும் ஒரே சொல் வைக்கலாம் என்பது என் கட்சி.

இந்தச் சொல் இப்போது அவசரம். 2024-இல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பு தானியங்கி மறையாக்கத்துக்கான வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டது. புதுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே வட்டு பூட்டப்பட்டு, மாற்றுச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. "நான் பூட்டவே இல்லையே" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யல்ல. நம் வீடுகளில் யார் கணக்கோடு முதலில் நுழைந்தார்கள் என்பதே பெரிய துப்பறியும் வேலை: வெளிநாட்டிலிருந்து வந்தபோது அமைத்துக் கொடுத்த மகனா, கடைக்காரர் அவசரத்துக்குத் திறந்த கணக்கா, கல்லூரி கொடுத்த மின்னஞ்சலா? ஆகவே விளக்கவுரையில் "முதலில் அமைத்தவரின் கணக்கில் பார்க்கவும்" என்ற வரி கட்டாயம் வேண்டும். எங்குமே கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் புதிதாக ஆக்கித் தர முடியாது. அதையும் ஒளிக்காமல் எழுதுவோம்.

சொல்லாக்கத்துக்குச் சற்று வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்பில் எழுதி வைத்த சாவியில் ஓர் இலக்கம் அழிந்திருந்தால் கைவிட வேண்டாம். 48 இலக்கமும் ஆறாறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். "12?453" என்று மட்டும் தெரிகிறது என்று வையுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள்: 1 - 2 + ? - 4 + 5 - 3. இது சுழியமாகவோ 11-இன் மடங்காகவோ வர வேண்டும், எனவே அழிந்தது 3. ஒரு தொகுதியில் ஓர் இலக்கம் போயிருந்தால் விடை ஒன்றுதான். ஒன்றா ஏழா என்று மயங்கும் கையெழுத்துக்கும் இது உதவும். உதவிப் பக்கத்தைத் தமிழாக்குபவர் இதை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

வரைவுச் சரங்கள் (திரையில் வரும் வாசகங்கள்):

"இந்த வட்டின் மாற்றுச் சாவியை உள்ளிடவும்."
"சாவிக்குறி: இதை உள்ளிட வேண்டாம். இக்குறி உள்ள மாற்றுச் சாவியைத் தேடவும்."
"மாற்றுச் சாவியை அச்சிட்டு, இந்தக் கணினிக்கு வெளியே வைக்கவும்."

தரவுத்தளக் குழு, பதிவை இனங்காட்டும் இன்னொரு புலமான "ஆல்டர்னேட் கீ"க்கு "மாற்றுத் திறவுகோல்" வைத்திருந்தால் மோதாது என்றே நினைக்கிறேன். அவர்கள் பக்கமிருந்து யாராவது பார்த்துச் சொல்லுங்கள். "சாவிக்குறி" எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிடச் சின்னதாக ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள், மாற்றிவிடலாம்.