துகாயா போலாமா? மரனாவ் ஊர் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். பிலிப்பைன்ஸ்ல மிண்டனாவோ தீவுப் பக்கம் போகலாம்னு இருக்கேன், பீச் ரிசார்ட்லாம் வேணாம், மோரோன்னு சொல்ற அந்தப் பக்கத்து முஸ்லிம் மக்களோட கைத்தொழில் இன்னும் வீட்டுக்கு வீடு நடக்குற ஒரு அமைதியான ஊரைப் பார்க்கணும். லனாவ் ஏரிக்கரையில, மோரோ மக்கள்ல ஒரு பிரிவான மரனாவ்காரங்க இருக்குற துகாயா அப்படித்தான்னு படிச்சேன். எப்படி போறது, போனா எப்படி நடந்துக்கணும்?

---

நண்பா, சரியான ஊரைத்தான் புடிச்சிருக்கீங்க. 2006ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல சேர்த்தாங்க. பித்தளை வேலைதான் அங்க உசுரு, தேன்மெழுகுல உருவம் செஞ்சு மேல மண்ணு பூசி சூடு பண்ணி மெழுகை உருக்கி எடுத்துட்டு அந்த இடத்துல உருக்குன பித்தளையை ஊத்துவாங்க, நம்ம சுவாமிமலை ஸ்தபதிங்க பண்ற மாதிரியே. குலிந்தாங்னு வரிசையா வச்சு வாசிக்கிற சின்ன கோங், காடோர்னு மூடி போட்ட பெரிய ஜாடி எல்லாம் இப்படித்தான் வருது. மரவேலையும் விட்டுடாதீங்க, பாவோர்னு ஒரு பெட்டி, கிளிஞ்சல் பதிச்சு, ஒகிர்ங்கிற கொடி வளைவு டிசைன் போட்டு செய்வாங்க, அதைப் பார்த்துட்டே நிக்கலாம்.

ரூட்டுன்னா லகின்டிங்கன் ஏர்போர்ட், அங்கிருந்து இலிகான், அப்புறம் மராவி, அதுக்கப்புறம் ஏரியை ஒட்டி துகாயா.

---

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா பாதுகாப்பு விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க சகோ. 2017ல மராவியில அஞ்சு மாசம் சண்டை நடந்து ஊரோட நடுப்பகுதியே தரைமட்டமாச்சு, இன்னிக்கும் நிறைய நாடுங்க அந்தப் பக்கம் போகாதீங்கன்னுதான் தங்க மக்களுக்கு சொல்லுது. கிளம்புறதுக்கு முன்னாடி அப்போதைய நிலைமையைப் பாருங்க, தெரிஞ்ச மரனாவ் ஆள் ஒருத்தர் கூட இல்லாம போகவே போகாதீங்க, பகல்லயே போய் பகல்லயே திரும்புங்க. செக்பாயின்ட்ல பாஸ்போர்ட் கேப்பாங்க, அங்க போட்டோ எடுக்கவே வேணாம்.

---

நடந்துக்குறது பத்தி நான் சொல்றேன். முஸ்லிம் ஊர், கை கால் மூடுன டிரஸ், பெண்கள் தலைக்கு ஒரு துணி வச்சுக்கிட்டா நல்லது. சரக்கு, பன்றிக்கறி பேச்சே கூடாது. ரம்ஜான்ல பகல்ல ஆளுங்க முன்னாடி சாப்பிடாதீங்க. பட்டறைக்குள்ள போறப்பவும் சரி, பெண்களைப் படம் எடுக்குறப்பவும் சரி, கேட்டுட்டு செய்யுங்க.

இன்னொன்னு, வாங்குறதா இருந்தா செஞ்சவங்க கையிலயே வாங்குங்க, கையில பெசோ வச்சுக்கோங்க. ரொம்ப பேரம் பேசாதீங்க ப்ளீஸ், மலோங்னு குழாய் மாதிரி தைச்சு உடம்புல சுத்திக்கிற துணியில, துண்டுகளை இணைக்குற இடத்துல வர்ற லங்கித்ங்கிற அலங்காரப் பட்டையை மட்டும் நெய்யவே எவ்வளவு உழைப்புன்னு தறிகிட்ட நின்னு பார்த்தா புரியும். சாப்பாட்டுல பலாபா கேட்டு வாங்குங்க, சகுராப்னு ஒரு வெங்காயத்தாள், இஞ்சி, மிளகாய் எல்லாம் இடிச்சது, காரம் சும்மா ஏறும்!

---

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இலிகான்ல மரனாவ் நண்பர் ஒருத்தர் இருக்கார், அவரு கூட வர்றேன்னா மட்டும்தான் டிக்கெட் போடுவேன்.