மறுமொழி: கான்ஸ்டபிள் ஆஃப் பிரான்ஸ், தமிழில் என்ன?

> "தளபதி" என்றே போட்டுவிடலாமே?

போடலாம் ஐயா, ஆனால் பெர்த்ரான் து கெக்லான் பற்றிய நம் கட்டுரை குழம்பிப்போகும். பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் போர்வீரரான அவர் 1364இல் கோஷெரலில் படையை நடத்தி வென்றபோதே தளபதிதான். அதே ஆண்டு ஓரே என்ற ஊரில் தோற்றுப் பிடிபட்டபோதும், 1367இல் ஸ்பெயினின் நஹேராவில் மறுபடி பிடிபட்டபோதும் தளபதிதான். இரண்டு முறையும் பெரும் பணம் கொடுத்துத்தான் அவரை மீட்டார்கள். 1370 அக்டோபரில் பிரெஞ்சு அரசர் ஐந்தாம் சார்ல் கொடுத்த கான்ஸ்டபிள் பதவியோ வேறு. அது நாட்டுக்கே ஒருவர் மட்டும் வகிக்கும் பதவி. வாள்தான் அதன் அடையாளம். மார்ஷல்கள் இதற்குக் கீழே. போர் என்று வந்தால் அரசரின் தம்பிமாரும் இவர் சொல் கேட்க வேண்டும். பிரித்தானியின் (இன்றைய பிரான்சின் மேற்குப் பகுதி) சிறு பிரபு வீட்டுப் பிள்ளையான தான் அவர்களுக்கு எப்படி ஆணையிடுவது என்று து கெக்லான் தயங்கியதாக அக்கால வரலாற்றெழுத்தாளர் ஃப்ருவாசார் எழுதியிருக்கிறார்.

கான்ஸ்டபிள் என்றே விட்டால் நம் வாசகர் கண்ணில் லத்தியும் தொப்பியும்தான் தெரியும். மூலச்சொல்லின் பொருள் குதிரைலாய அதிகாரி. அதைப் பிடித்துக்கொண்டு 'லாயத்தலைவர்' என்பதும் சரிவராது. து கெக்லான் காலத்துக்குள் பதவி லாயத்தை விட்டு எங்கோ போய்விட்டது.

என் பரிந்துரை: மாதண்டநாயகர். சோழர் கல்வெட்டுகளில் தண்டநாயகர் உண்டு. தண்டம் என்றால் படை, தண்டனை இரண்டும். வீரர்களின் குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றமும் இந்தப் பிரெஞ்சுப் பதவியின் கீழ்தான் இருந்தது. 'சேனாபதி'யில் அந்த இரண்டாம் பாதி விடுபடுகிறது.

> தண்டம் என்றால் இன்றைக்குத் தண்டச்சோறுதான். பெரும்படைத்தலைவர் போதுமே?

தண்டச்சோறு சிரிப்பு முதல் வரியோடு போய்விடும், அப்புறம் யாரும் கவனிக்கப் போவதில்லை. பெரும்படைத்தலைவர் என்றால் பெரிய படைக்குத் தலைவரா, பெரிய தலைவரா? கட்டுரையின் பக்கப்பெட்டியில் "மாதண்டநாயகர், 1370–1380; பின்னவர் ஒலிவியே து கிளிசோன்" என்று வந்தால் பதவி என்பது பார்த்ததும் புரியும். 1627இல் முதன்மை அமைச்சர் ரிஷ்லியூ காலத்தில் இந்தப் பதவியை ஒழித்ததைச் சொல்லும் இடத்திலும் இதே சொல் உதவும்.

மார்ஷலை மார்ஷலாகவே விடுவோம், அது பழகிய சொல். வேறு மறுப்பு இல்லையென்றால் வார இறுதியில் கட்டுரையில் மாற்றிவிடுகிறேன்.