மலக்குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பாவின் அன்றாடம்

கேள்வி (பென்னாகரம்):
மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து, மலம் வெளியேற வயிற்றில் வைத்திருந்த பையையும் எடுத்து 8 மாதங்கள் ஆகியும், நாளுக்கு ஏழெட்டு முறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருப்பதால், என் தந்தை தருமபுரிக்குப் பேருந்தில் வருவதையே நிறுத்திவிட்டார். இது மாறுமா?

பதில் (காவேரிப்பட்டணம்):
எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஐயா. மலத்தைத் தேக்கிவைக்கும் பகுதி நீக்கப்படுவதால் இவ்வாறு நேர்கிறது. ஓரிரு ஆண்டுகளில் பலருக்குப் படிப்படியாகக் குறையும், சிலருக்கு ஓரளவு நீடிக்கும். ஆசனவாய்த் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மருத்துவரிடம் கேட்டுக் கற்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு முன் நான் கேழ்வரகுக் களியைத் தவிர்த்து மோர்ச்சோறு மட்டும் உண்பேன். மாற்று வேட்டி ஒன்று எப்போதும் மஞ்சள் பையில் இருக்கும்.

பதில் (ஊத்தங்கரை):
விரல் நுனி மரத்துப்போயிருக்கிறதா என்றும் கேளுங்கள். கீமோதெரபியில் தரப்படும் ஆக்சாலிபிளாட்டின் மருந்தால் அது வரக்கூடும்; பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கேட்டவர்:
நேற்றிரவு கேட்டேன். சட்டைப் பொத்தான்களை இத்தனை நாளும் அம்மாதான் போட்டுவிடுகிறாராம்.