மோடலுக்குப் பிறகு 'பி'யா, 'ஹேவ் பீன்'ஆ? குடோன் மெயிலில் ஐந்து வாக்கியங்கள், உதவி தேவை

பொன்வண்டு (கேள்வி)

குடோனிலிருந்து கிளைகளுக்குப் போகும் மெயில்களில் கீழே உள்ள ஐந்தும் தவறு என்று அடிக்கோடிட்டு வந்திருக்கின்றன. காரணம் எழுதவில்லை. முதல் மூன்றிலும் ஏதோ வடிவப் பிழை என்று ஊகிக்க முடிகிறது. 4, 5 இரண்டிலும் இலக்கணம் சரியாகத்தான் தெரிகிறது.

1. தி ஸ்டாக் மஸ்ட் பி செக் பை ஃபைவ் ஓ கிளாக்.
2. தி பார்சல் ஷுட் பீன் பேக்ட் யெஸ்டர்டே.
3. தி டெலிவரி வில் பி ஹேப்பன்ட் ஆன் மண்டே.
4. தி இன்வாய்ஸ் மஸ்ட் ஹேவ் பீன் சைன்ட், பட் நோபடி சைன்ட் இட்.
5. தி பாக்ஸ் மஸ்ட் நாட் பி ஓப்பன்ட். (சொல்ல வந்தது: பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, வெளியே ஒட்டிய லேபிளைப் பார்த்தாலே போதும்.)

சுண்டைக்காய்

முதல் மூன்றை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை ரயில் பெட்டி கோப்பது மாதிரிப் பாருங்கள். ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்து நிற்கும் சொல்லின் உருவத்தை மட்டும்தான் தீர்மானிக்கும், அதற்கு அப்பால் அதற்கு அதிகாரம் இல்லை. விதிகள் மூன்றே:

கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் ஆகிய மோடல் துணைவினைகளுக்கு அடுத்து வெறும் வினை, அதாவது வி1. 'ஆட்' மட்டும் நடுவில் ஒரு 'டு' கேட்கும்.
'ஹேவ்'க்கு அடுத்து வி3, அதாவது வினையின் மூன்றாம் வடிவம் ('டேக், டுக், டேக்கன்' என்பதில் 'டேக்கன்').
செயப்பாட்டு வினையின் 'பி'க்கு அடுத்து வி3.

'மஸ்ட்'டுக்கு அடுத்து வெறும் வினை வேண்டும், அதனால்தான் இஸ், ஆர், வாஸ் எதுவும் அங்கே வராமல் 'பி' வருகிறது. அந்த 'பி' வி3 கேட்கிறது. ஆகவே முதல் வாக்கியத்தில் 'செக்' இல்லை, 'செக்ட்': மஸ்ட் பி செக்ட்.

இரண்டாவதில் ஒரு பெட்டியே கழன்று போயிருக்கிறது. நடந்து முடிந்த காலத்தைப் பற்றி இப்படிக் குறை சொல்ல மோடலை மட்டும் மாற்றினால் போதாது, 'ஹேவ்' நடுவில் வந்தாக வேண்டும். மோடல் கேட்பது வெறும் வினை, அதனால் அது 'ஹேவ்' (பார்சல் ஒன்றுதான் என்றாலும் 'ஹேஸ்' ஆகாது). 'ஹேவ்' கேட்பது வி3, அதனால் 'பி' இங்கே 'பீன்' ஆகிறது. 'பீன்' கேட்பதும் வி3, ஆகவே 'பேக்ட்'. மொத்தமாக: ஷுட் ஹேவ் பீன் பேக்ட். வேகமாகப் பேசும்போது 'ஹேவ்' தேய்ந்து 'ஷுடவ் பீன்' என்று காதில் விழும். எழுதும்போது அது காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மூன்றாவதில் வடிவத்தைத் திருத்திப் பயனில்லை, வினையே செயப்பாட்டுக்கு ஆகாதது. ஹேப்பன், அரைவ், கம், அக்கர், டிஸப்பியர் எல்லாம் செயப்படுபொருள் குன்றிய வினைகள். எதை என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இருக்காது, எழுவாயாகத் தூக்கி முன்னால் வைக்கவும் எதுவும் இருக்காது. 'தி டெலிவரி வில் ஹேப்பன் ஆன் மண்டே' என்றாலே சரி. செயப்பாட்டுதான் வேண்டும் என்றால் வினையை மாற்றுங்கள்: தி குட்ஸ் வில் பி டெலிவர்ட் ஆன் மண்டே.

இன்னொன்று: அனுப்பு என்பதற்கான வினையில் வி1, வி3 இரண்டும் தமிழ்க் காதுக்கு ஒரே 'சென்ட்'தான். கடைசி எழுத்து மட்டும் வேறு. அதைக் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மூன்றாம்பத்தி

நான்காவது உங்கள் பிழை என்று சொல்வதைவிடத் தமிழ் வைத்த பொறி என்று சொல்லலாம். 'பார்சல் நேற்றே அனுப்பப்பட்டிருக்க வேண்டும்' என்ற ஒரே வாக்கியத்தைத் தமிழில் இரண்டு விதமாகச் சொல்லலாம். குடோனில் தேடினோம், காணோம், ஆகவே போயிருக்கும் என்பது ஊகம். இன்னும் இங்கேயே கிடக்கிறது, நேற்றே போயிருக்க வேண்டியது என்பது குறை. நமக்குக் குரலே போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு மோடல்:

ஊகம்: தி பார்சல் மஸ்ட் ஹேவ் பீன் சென்ட்.
குறை: தி பார்சல் ஷுட் ஹேவ் பீன் சென்ட்.

சோதிக்க ஒரு வழி. தமிழ் வாக்கியத்தின் வாலில் 'போலிருக்கிறது' ஒட்டினால் மஸ்ட். 'ஆனால் நடக்கவில்லை' ஒட்டினால் ஷுட். உங்கள் வாக்கியத்தில் 'பட் நோபடி சைன்ட் இட்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து நிச்சயம் விழுந்திருக்கும் என்று முதல் பாதி சொல்கிறது, இல்லை என்று மறுபாதி சொல்கிறது. அதனால்தான் அடிக்கோடு.

மஸ்ட் என்பது நிகழ்காலத்தில் கட்டாயத்தைக் குறிக்கும் (மஸ்ட் பி சைன்ட்), ஆனால் 'ஹேவ் பீன்' சேர்ந்ததும் பெரும்பாலும் ஊகத்துக்குத் தாவிவிடும். பழைய கட்டாயத்தைச் சொல்ல வேண்டுமானால் 'ஹேட் டு பி சைன்ட்', அதாவது கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

'லாம்' விகுதியிலும் இதே கதை. 'இங்கே பணம் கட்டலாம்' என்பது 'கேன் பி பெய்ட்'. 'டெலிவரி தாமதமாகலாம்' என்பதற்குக் 'கேன் பி டிலேய்ட்' எழுதினால், நினைத்தால் தள்ளிப்போட வசதி உண்டு என்று வாடிக்கையாளர் படிப்பார். அங்கே 'மே பி டிலேய்ட்'. இதில் 'மே', 'பி' இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். சேர்த்து எழுதினால் 'ஒருவேளை' என்ற வேறு சொல் ஆகிவிடும். 'தவிர்த்திருக்கலாம், தவிர்க்கவில்லை' என்பது 'குட் ஹேவ் பீன் அவாய்டட்'.

கரிக்கோல்

மேலே உள்ளதற்கு ஒரு சிறு திருத்தம். 'ஷுட் ஹேவ் பீன்' எப்போதும் குறை சொல்வதில்லை. 'தி பார்சல் ஷுட் ஹேவ் பீன் டெலிவர்ட் பை நவ்' என்றால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பாகவும் இருக்கலாம். 'மஸ்ட்' அளவுக்கு உறுதி இல்லை, அவ்வளவுதான். 'போலிருக்கிறது' சோதனை இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறும், முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊகத்தை எதிர்மறையாக்கும்போது மஸ்ட் கேனாக மாறுவது வழக்கம்: இட் கான்ட் ஹேவ் பீன் சென்ட், போயிருக்க முடியாது. அமெரிக்க ஆங்கிலத்தில் 'மஸ்ட் நாட் ஹேவ் பீன்' என்பதும் உண்டு.

ஐந்தாவது: 'மஸ்ட் நாட் பி' என்றால் கூடாது. தேவையில்லை என்பதற்கு 'நீட் நாட் பி ஓப்பன்ட்' அல்லது 'டஸ் நாட் ஹேவ் டு பி ஓப்பன்ட்'. உங்கள் மெயிலைப் படித்தவர் பெட்டியைத் தொடவே பயந்திருப்பார்.

சுண்டைக்காய்

'ஷல்' பற்றி யாரும் பேசவில்லை. மெயிலில் அதைத் தொடாதீர்கள், அதன் இடம் சட்டம். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு: 'நோ பெர்சன் ஷல் பி டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் லைஃப் ஆர் பெர்சனல் லிபர்ட்டி எக்செப்ட் அக்கார்டிங் டு புரொசீஜர் எஸ்டாப்ளிஷ்ட் பை லா.' பறிப்பது யார் என்று சொல்லாமல் விட்டதில்தான் அதன் பலம், சட்ட நடைமுறைப்படி அல்லாமல் பறிக்க முடியாது. குடோன் அறிவிப்பில் அதே உத்தி கவிழ்த்துவிடும். 'தி ஃப்ளோர் ஷுட் பி க்ளீன்ட் டெய்லி' என்று ஒட்டினால் துடைப்பத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆள் முக்கியம் என்றால் 'பை தி நைட் ஷிஃப்ட்' சேருங்கள், இல்லாவிட்டால் செய்வினையிலேயே எழுதுங்கள்.

பொன்வண்டு

நன்றிங்க. இரண்டு துணைக் கேள்விகள். 'தி லிஃப்ட் மே பி பீயிங் ரிப்பேர்ட்' சரியா? முதல் வாக்கியத்தில் 'பை தி சூப்பர்வைசர்' சேர்த்தால் இரண்டு 'பை' வருகிறதே?

மூன்றாம்பத்தி

'மே பி பீயிங் ரிப்பேர்ட்' விதிப்படி சரி: மோடலுக்குப் பின் பி, தொடர்வினைக்காக அதன் பின் பீயிங், அடுத்து வி3. ஆனால் நாக்குச் சுளுக்கும். 'மே பி அண்டர் ரிப்பேர்' போதும். மோடலை ஒட்டி நேரே 'பீயிங்' மட்டும் வரவே வராது. 'மஸ்ட் பீயிங் செக்ட்' தவறு.

இரண்டு 'பை' தவறில்லை, படிக்கத்தான் இடறும். ஆளுக்கு 'பை'யை விட்டு, நேரத்துக்கு 'பிஃபோர்' போடுங்கள்: மஸ்ட் பி செக்ட் பை தி சூப்பர்வைசர் பிஃபோர் ஃபைவ் ஓ கிளாக். 'கவனமாக' சேர்க்க வேண்டுமானால் வி3க்கு முன் வைக்கலாம்: மஸ்ட் பி கேர்ஃபுல்லி செக்ட். 'எப்போதும்' என்பது மோடலை ஒட்டி: மஸ்ட் ஆல்வேஸ் பி செக்ட்.

பொன்வண்டு

திருத்தியது இது. கடைசி வரி புதிது:

தி ஸ்டாக் மஸ்ட் பி செக்ட் பை தி சூப்பர்வைசர் பிஃபோர் ஃபைவ் ஓ கிளாக்.
தி பார்சல் ஷுட் ஹேவ் பீன் பேக்ட் யெஸ்டர்டே.
தி குட்ஸ் வில் பி டெலிவர்ட் ஆன் மண்டே.
தி இன்வாய்ஸ் ஷுட் ஹேவ் பீன் சைன்ட், பட் நோபடி சைன்ட் இட்.
தி பாக்ஸ் நீட் நாட் பி ஓப்பன்ட்.
டேமேஜ்ட் ஐட்டம்ஸ் மஸ்ட் பி டெல்ட் இம்மீடியட்லி.

கரிக்கோல்

ஐந்தும் சரி. ஆறாவதில் 'வித்' விழுந்துவிட்டது. செய்வினையில் 'டீல் வித் டேமேஜ்ட் ஐட்டம்ஸ்' என்று வினையோடு ஒட்டியிருந்த இடைச்சொல், பொருள் முன்னால் போன பிறகும் வினையோடே நிற்க வேண்டும்: மஸ்ட் பி டெல்ட் வித் இம்மீடியட்லி. 'லுக்ட் ஆஃப்டர்', 'பெய்ட் ஃபார்', 'டேக்கன் கேர் ஆஃப்' எல்லாம் இதே ஜாதி, அடுத்த மெயிலில் பார்த்துக்கொள்ளுங்கள்.