புதுப்பிப்பு: காற்றடித்தாலே அலறும் வேலி சென்சார்

முன்பு கேட்டிருந்தது இதுதான்: ஆலையின் செயின்லிங்க் (கம்பி வலை) வேலியில் கட்டிய ஃபைபர் கேபிள் (உள்ளே ஓடும் ஒளியை வைத்து வேலியின் அதிர்வை உணரும் கேபிள்) காற்றுக்கெல்லாம் அலாரம் அடிக்கிறது, சென்சிட்டிவிட்டியைக் குறைக்கலாமா? குறைக்க வேண்டாம். கோளாறு வேலியில்தான் இருந்தது.

அலாரம் வந்த இடங்களில் வேலியைக் கையால் உலுக்கினால் கம்பத்தோடு உரசிக் கடகடத்தது. தளர்ந்த கட்டுக்கம்பிகளை மாற்றி, வலையின் அடியில் அதை இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கம்பி ஓட்டி, ஆடிக்கொண்டிருந்த எச்சரிக்கைப் பலகைகளை இறுக்கியதும் பெரும்பாலான அலாரங்கள் நின்றன. வலையைத் தொடும் கொடியையும் வெட்ட வேண்டும்; அது மறுபடி வளரும் என்பதால் பராமரிப்புப் பட்டியலில் சேருங்கள்.

கேபிளை 30 செ.மீ.க்கு ஒரு கட்டு வீதம், வெயில் தாங்கும் கறுப்பு கேபிள் டையால் (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) கட்டவும். சாதாரண வெள்ளை டை வெயிலில் நொறுங்கிவிடும். கேபிள் தொங்கி வலையில் அடித்துக்கொள்ளும். அதற்காக நசுங்கும்படி இறுக்கினால் ஒளி இழப்பு கூடும். கேட் இருக்கும் இடத்தில் கேபிளைக் குழாயில் போட்டு மண்ணுக்கடியில் கடத்துவதே நல்லது.

வேலியை ஒருவர் வெட்டுவதையும் அதில் ஏறுவதையும் சென்சாரின் ஒரே செட்டிங்கில் பிடிக்கப் பார்க்காதீர்கள். வெட்டு என்பது சட்டென்று வரும் தனித்தனி அதிர்வு, எண்ணிக்கையால் பிடிக்கலாம். ஏறுவது சில விநாடி நீளும். சோதிக்க வேலியை வெட்டத் தேவையில்லை: வலையில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கிவிட்டு அதை வெட்டுங்கள். காற்று பலமான நாளில் இன்னொரு முறை.